திருப்பி அனுப்பிய தட்டு

அன்று காலை பள்ளித் திடலில் இருந்தவர்கள்: பையன்கள் முப்பது பேர், நான், பார்வையிட வந்திருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர். இல்லாதவர்கள்: தலைமையாசிரியர், தெங்கேராவில் தம் வீட்டில் மலேரியாக் காய்ச்சலோடு படுத்திருந்தார், என்னைவிட நன்றாக நிப்பொங்கோ என்னும் ஜப்பானிய மொழி பேசத் தெரிந்த இன்னோர் ஆசிரியர், உப்புக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார். சூரியனும் இன்னும் வரவில்லை. ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் காலை எட்டு மணி என்பது அரைகுறை விடியல்.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, உங்களைவிட நான் ஐந்தாறு வயதுதான் மூத்தவன். அடுத்த மாதம் நில அலுவலகத்துக்கு எழுத்தராகப் போகிறேன். போவதற்கு முன் இவர்களுக்கு நாலு வார்த்தை எழுதி வை என்று தலைமையாசிரியர் சொன்னார். பாடம் நடத்துவது எப்படி என்று வேறு யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ஒன்று என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டு.

என் அப்பா முனிசிபல் மாட்டுவண்டி ஓட்டியவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பா ஆசிரியரிடம், "கண்ணு ரெண்டையும் விட்டுடுங்க, மத்ததெல்லாம் உங்களோடது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்படி வளர்ந்தவன் பத்தொன்பது வயதில் தானே ஆசிரியரானால் என்ன செய்வான்? மேசைமேல் ரோத்தான் பிரம்பு எப்போதும் இருக்கும். நாளைக்கு இரண்டு பேருக்காவது உள்ளங்கையில் கொடுத்துவிடுவேன். மனசு உறுத்தியதில்லை. வாங்கியவர்களுக்கும் கோபம் இருந்ததில்லை. மாலையில் அவர்களே வந்து என்னைப் பந்து விளையாடக் கூப்பிடுவார்கள். அடிக்கும் முறையெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

காஜா பெராங்கில் இருக்கும் இந்தப் பள்ளிக்குக் கடைவீதித் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், எங்களைப் போன்ற கூலிக்காரர் பிள்ளைகள், கம்போங் செட்டிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். கம்போங் செட்டிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர்களின் வம்சம். அவர்களுக்குப் பெயர் கோயில் கோபுரத்திலிருந்து எடுத்தது மாதிரி இருக்கும். வீட்டில் பேசுவது மலாய். நானும் அவர்களோடு மலாயில்தான் பேசுவேன். இங்கே உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அவர்களில் நடராஜனுக்கு அப்போது பதினைந்து வயது. ஆளைப் பார்த்தால் இருபது என்பீர்கள். சுப்பையாவுக்குப் பதின்மூன்று. கரும்பலகையின் மேல்பாதி அவனுக்கு எட்டாது. இந்தச் சுப்பையா அந்த நடராஜனுக்குத் தாய்மாமன். நடராஜனின் அம்மா தெய்வானை அக்காவுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த கடைக்குட்டித் தம்பி. நடராஜனின் அப்பா சண்டைக்கு முன்பே இறந்துவிட்டதால், விசேஷங்களில் அந்த வீட்டுக்கு ஆண் என்று முன்னால் உட்காருகிறவன் இந்தச் சுப்பையாதான்.

மருமகன் சைக்கிள் மிதிப்பான். மாமன் பின்னால் உட்கார்ந்து வருவான். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் கட்டிய சைக்கிள். அது வருவது கோயிலடித் திருப்பத்திலேயே கேட்கும். "மெதுவாப் போப்பா, மாமா விழுந்துட்டா மரியாதை போயிடும்" என்று மற்றப் பையன்கள் கத்துவார்கள். சுப்பையா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நானும் சேர்ந்து சிரிப்பேன். தமிழே பேசாதவர்களிடம் தாய்மாமன் முறை மட்டும் எங்கே முழுசாக இருக்கப்போகிறது, ஏதோ வேடிக்கைக்குச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஓர் எண்ணம். படித்தவன் அல்லவா.

அன்று காலை, ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசை என்று, கிழக்கே பார்த்து இடுப்புவரை குனிந்து நின்றோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிறுகள். அந்த அமைதியில் எவனோ ஒருவனுடைய வயிறு வாய் திறந்துவிட்டது. வாய் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதலில் ஒருவன் மூக்கால் சிரித்தான். பிறகு வரிசை முழுவதும் குலுங்கியது. குனிந்தபடியே நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

யார் சிரித்தது என்று அதிகாரி கேட்டார். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். காட்டிக்கொடுப்பது அவர்களிடம் கிடையாது. அப்படியானால் எல்லோரும், என்றார். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வேண்டும். நிறுத்து என்று அவர் சொல்லும்வரை ஒருவனை ஒருவன் மாறி மாறிக் கன்னத்தில் அறைய வேண்டும். அவர் அதைக் கொடுமை என்று நினைத்துச் சொல்லவில்லை. அவரையே அவருடைய மேலதிகாரி ஒருமுறை எங்கள் முன்னால் அறைந்ததைப் பார்த்திருக்கிறேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

வரிசையை என்னை அமைக்கச் சொன்னார். முடியாது என்றால் விஷயம் அறையோடு நிற்காது. அது எல்லோருக்கும் தெரியும். இருந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆகாதவர்களை எதிரெதிரே நிறுத்தினால் பழைய பகையெல்லாம் கன்னத்தில் தீரும். சொந்தக்காரனுக்கு எதிரே சொந்தக்காரனையும், சிநேகிதனுக்கு எதிரே சிநேகிதனையும் நிறுத்தினால் மெல்லத் தட்டுவான். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? கடைக்காரர் மகன் காதரை அவன் பெரியப்பா மகனுக்கு எதிரே நிறுத்தினேன். சுப்பையாவை நடராஜனுக்கு எதிரே நிறுத்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தொடங்கு என்றார். காதரும் அண்ணனும் மாவு தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டார்கள். சுப்பையா குதிகாலைத் தூக்கி எட்டி மருமகன் கன்னத்தில் ஒன்று வைத்தான். அதில் ஒரு சிக்கலும் இல்லை. நடராஜன் குனிந்தே கொடுத்தான். அடுத்தது அவன் முறை. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

"தா போலே, சேகு" என்றான். சேகு என்றால் ஆசிரியர். முடியாது, கூடாது, இரண்டும் அந்த மலாய்ப் பேச்சில் ஒன்றுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா தட்டு, போதும், என்று கெஞ்சினேன். அதிகாரி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். சுப்பையாவுக்கும் அது தெரிந்தது.

"அடி. மாமா சொல்றேன்."

"மாமா அதைச் சொல்லக் கூடாது" என்றான் நடராஜன். குரலில் எதிர்ப்பே இல்லை. தூக்க முடியாத மூட்டையைத் தூக்கச் சொன்னால் ஒருவன் எப்படிப் பதில் சொல்வானோ அப்படிச் சொன்னான்.

அதிகாரி வந்து நின்றார். நடராஜனை அறையவில்லை. அவன் புஜத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பது மாதிரி. இவனுக்கு என்ன வயது என்று கேட்டார். பதினைந்து என்றேன். நம்பவில்லை. கீழ்ப்படியத் தெரியாதவன் பள்ளியில் எதற்கு, என்றார். அதற்கு மேல் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, சியாம். அங்கே ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்திலிருந்து லாரியில் ஏறிய யாரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை.

மூன்று மாத வகுப்பில் கற்ற நிப்பொங்கோவில் நான் என்ன பேச முடியும்? அதில் நன்றாக மனப்பாடமான வாக்கியம் ஒன்றுதான்: தவறு என்னுடையது. அதைச் சொல்லி இடுப்புவரை குனிந்தேன். மீதியைத் துண்டு வார்த்தைகளில் ஒப்பேற்றினேன்: இவர்களை எதிரெதிரே நிறுத்தியது நான். இவனை அவன் அடிக்க முடியாது, ஏனென்றால் அவனுக்கு இவன் மாமா. குனிந்தபடியே கையால் சுப்பையாவைக் காட்டினேன்.

அதிகாரி கீழே பார்த்துச் சுப்பையாவைக் கண்டுபிடித்தார். பிறகு தலையைத் தூக்கி நடராஜனைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓர் இழை தளர்ந்ததாக எனக்குத் தோன்றியது. தவறு உன்னுடையது என்றால் அடியும் உன்னுடையது, என்றார். மாமனுக்குப் பதில் இந்த ஆளை அடி, என்று நடராஜனுக்குச் சைகை காட்டினார்.

அடிடா என்றேன். நடராஜன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மாமனிடமிருந்து தப்பி ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டான். கை மறுபடியும் தொடையோடு ஒட்டிக்கொண்டது. அதிகாரியின் தளர்ந்த முகம் மறுபடி இறுகத் தொடங்கியது.

அப்போதுதான் சுப்பையா பேசினான். "நடா, சேகுவை அடி. பாவம் மாமாவைச் சேரட்டும்."

அந்தக் கட்டளையைக் கொடுக்க அவனுக்கு உரிமை இருந்திருக்க வேண்டும். நடராஜன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், கை எழுந்தது. எனக்கு அடுத்து நினைவிருப்பது, மண்ணில் உட்கார்ந்தபடி நாக்கால் பல்லை எண்ணிக்கொண்டிருந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வரிசையைக் கலையச் சொல்லிவிட்டு மோட்டார் வண்டியில் ஏறிப் போனார்.

கிணற்றடியில் பையன்கள் எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இறைத்தார்கள். ஒருவன் வீட்டுக்கு ஓடிப் போய்க் கிராம்பு கொண்டு வந்தான். கடைவாய்ப்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. நடராஜன் அங்கே இல்லை.

"அவன் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சதால தாடையில பட்டுடுச்சு, சேகு" என்று காதர் விளக்கினான். "கண்ணைத் திறந்திருந்தா கன்னத்தோட போயிருக்கும்."

எனக்கு யாரை யார் அடிக்கலாம் என்பதே புரியாமல் போய்விட்டது. சுப்பையாவிடமே கேட்டேன். அவன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னான். அப்பா அடிக்கலாம். மாமா அடிக்கலாம். அண்ணன் அடிக்கலாம், ஆனால் அம்மா பார்க்கும்போது கூடாது. சேகு அடிக்கலாம், ரோத்தானால், வெறுங்கையால் கூடாது. செருப்பால் யாரும் யாரையும் கூடாது. கீழே இருந்து மேலே எதுவுமே கூடாது.

"ஜப்பான்காரன் அடிச்சா?"

"அது சேர்த்தி இல்ல, சேகு. மாடு முட்டினா யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

பிரம்பு எடுக்கும் கையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது. பையன்கள் அடியை வலியால் அளப்பதில்லை. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் அளக்கிறார்கள். வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்கு என்ன முறை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் எல்லாம் அப்புறம்.

இது முதல் பிழை. இத்தோடு விட்டிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் தெய்வானை அக்கா வந்து நின்றார். சாரோங்கும் கெபாயா என்ற நீண்ட மேற்சட்டையும் உடுத்தி, தலையை வாரிக் கொண்டை போட்டு, ஒரு நல்ல நாளுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். அவருக்கு முன்னால், தன்னைவிடப் பெரிய சாரோங்கை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டு சுப்பையா. அவன் கையில் வெற்றிலை பரப்பிய தட்டு. அதில் ஒரு துணி முடிச்சில் இரண்டு கட்டி அரிசி, நம் கணக்கில் இரண்டரை ராத்தலுக்கு மேல். எங்களுக்கெல்லாம் அரிசி கண்ணில் பட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அக்காவின் கக்கத்தில் கால் கட்டிய கோழி ஒன்று. நடராஜன் தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"எங்க வீட்டுக் கை சேகு மேல பட்டுடுச்சு" என்றான் சுப்பையா. மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். "சேகு இதை எடுத்துக்கணும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பிரசங்கமே செய்தேன். நானே கேட்டு வாங்கிய அடி, குற்றமே நடக்கவில்லை, நடக்காத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு, இந்த அரிசியைப் பொங்கி நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள் என்றேன். பசியோடு இருக்கும் வீட்டிலிருந்து வந்த அரிசியைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமிதம். தாடை வீங்கியிருந்ததால் பாதிப் பேச்சு சரியாக வரவில்லை. ஆனாலும் முழுதாகப் பேசினேன்.

"சேகுவுக்கு வேண்டாமா" என்று மட்டும் சுப்பையா கேட்டான். வேண்டாம் என்றேன், சிரித்துக்கொண்டே. தட்டைத் துணியால் மூடிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை சைக்கிள் வந்தது. மாமன் இறங்கி உள்ளே வந்தான். மருமகன் வேலிக்கு வெளியே செம்பருத்தி ஓரம் உட்கார்ந்துகொண்டான். வெட்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. கூப்பிடப் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் திரும்பியதும் வந்து உட்காருவான். ஜன்னலைத் திறந்து வைத்து வேலிக்குக் கேட்கும்படி பாடம் நடத்தினேன். ஒருநாள் வாய்ப்பாட்டில் வகுப்பு மொத்தமும் திணறியபோது செம்பருத்திக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் என்னிடம் படிக்க ஆசைப்படுகிறான், என்னை முன்னிட்டே அவனால் உள்ளே வர முடியவில்லை.

மூன்று வாரமாயிற்று. காய்ச்சல் தேறி வந்த தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பள்ளியை விட்டு நின்றுபோன பையன்களின் பெயரை மாதம் முடிவதற்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பட்டியல் எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. "வேலிக்கு வெளியே இருக்கிறவனை உள்ளே இருக்கிறான்னு நான் எப்படி எழுதறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு" என்றார்.

அன்று சுப்பையாவைத் தனியே நிறுத்திக் கேட்டேன். ஏன் அவன் உள்ளே வரமாட்டேன் என்கிறான்?

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "சேகுதானே தட்டைத் திருப்பி அனுப்பினீங்க."

"குற்றமே இல்லைன்னுதானே சொன்னேன்?"

"கை பட்டதை ஊரே பார்த்துச்சு, சேகு. தட்டை வாங்கினாத்தான் அது தீரும். வாங்கலன்னா அவன் இன்னும் அடிச்சவன்தான். அடிச்சவன் எப்படி சேகு முன்னால பெஞ்சுல உட்காருவான்?"

சரி, இன்றைக்கே தட்டைக் கொண்டு வாருங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "திரும்பின தட்டு அப்படியே மறுபடி வராது. எங்க வீட்டுல ரெண்டு மடங்காத்தான் வரும்."

"ரெண்டு மடங்கெல்லாம் வேண்டாம்ப்பா, அதே போதும்."

"சேகு வேண்டாம்னு சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு" என்றான் அந்தப் பதின்மூன்று வயது மாமன்.

பிறருக்கு நல்லது செய்கிறோம் என்று நமக்கே நெஞ்சு நிமிரும்போது, தம்பிகளே, ஒரு நிமிஷம் நின்று எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். அக்காவின் முகத்தை நான் அன்று பார்க்கவே இல்லை. என் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை மாலை வந்தார்கள். இந்த முறை சுப்பையாவால் தட்டைத் தனியே தூக்க முடியவில்லை. நடராஜன் ஒரு பக்கம் பிடித்திருந்தான். நான் சட்டை போட்டுக்கொண்டு, வாசலுக்கு இறங்கி, இரண்டு கைகளாலும் வாங்கினேன். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நடராஜன் குனிந்து என் காலைத் தொட்டான். எழுந்தபோது, "பல் வலிக்குதா, சேகு?" என்று கேட்டான். மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பல்லே இல்லை, எங்கே வலிக்கும் என்றேன். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிப் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டான். நான் கவனிக்காத மாதிரி அடுத்தவனிடம் போனேன். அவன் எழுந்து வந்து, மேசை முன்னால் நின்று, தானாகவே கையை நீட்டினான். ரோத்தானை எடுத்து ஒன்று போட்டேன், மெல்ல. மற்றவனுக்கெல்லாம் உள்ளது தனக்கும் கிடைத்துவிட்ட நிம்மதியோடு போய் உட்கார்ந்தான். பிரம்பைப் பற்றி இப்போது எனக்கு வேறு எண்ணங்கள் உண்டு. இரண்டு வருஷமாக நான் அதைத் தொடுவதில்லை. ஆனால் அன்றைக்கு அவனை வேறு எப்படி உள்ளே அழைத்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தலைமையாசிரியர் அனுப்பிய பட்டியலில் அவன் பெயர் இல்லை.

கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரோங்சாங் என்று மூன்று வெள்ளி ஊசிகள்தான் அதை முன்பக்கத்தில் மூட்டும். வியாழக்கிழமை மாலை அக்கா சிரித்தபோது பார்த்தேன்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சாதாரண ஊக்கு.

முதல் நாளே நான் கையை நீட்டியிருந்தால் அவர்களுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு கோழி, இரண்டு கட்டி அரிசி. கடைசியில் ஆனது இரண்டு கோழி, நான்கு கட்டி அரிசி, ஒரு வெள்ளி ஊசி.